பர்க்ஹோல்டேரியா செபேசியா தொகுதி

இன்று பர்க்ஹோல்டேரியா செபேசியா எனப்படுவதை, வெங்காயக் குமிழை அழுகச் செய்யும் பாக்டீரியாவாக 1950இல் அமெரிக்கத் தாவர நோயியலாளர் வால்டர் பர்க்ஹோல்டர் விவரித்து, சூடோமோனாஸ் பேரினத்தில் வைத்தார். பின்னர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுவழி நோய் உள்ளவர்களின் நுரையீரலிலும் இது தென்பட்டது. சிலருக்கு உயிரைப் பறிக்கும் தொற்றாகவும் மாறியது. ரைபோசோம் ஆர்என்ஏ ஒப்பீட்டின் துணையோடு 1992இல் பர்க்ஹோல்டேரியா என்ற புதிய பேரினம் உருவாகி, இந்த பாக்டீரியா அதற்கு மாற்றப்பட்டது. 1997இல் பீட்டர் வாண்டம் குழுவினர், செபேசியா என்ற ஒரே பெயரில் குறைந்தது ஐந்து தனி இனங்கள் அடங்கியிருப்பதைக் காட்டினர். இன்று இத்தொகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

வயலில் வாழ்பவை ஓர் இனம், நோயாளியிடம் வாழ்பவை வேறு இனம் என்று வாழிடத்தை வைத்துப் பிரித்தால் எளிதல்லவா என்று கேட்கலாம். சான்று அதற்கு இடம் தரவில்லை. இத்தொகுதியின் இனங்களில் ஒன்றான செனோசெபேசியாவைச் சேர்ந்த, நோயாளிகளிடையே பரவிய வகையொன்றை அமெரிக்காவின் வெங்காய வயல் மண்ணிலிருந்தே பிரித்தெடுத்து, 2002இல் வெளியிட்டனர். ஆகவே மரபணுத் தொகுதியின் ஒற்றுமையே வகைப்பாட்டுக்கு உறுதியான அடிப்படை. அடிக்கடி மாறும் பெயர்கள் மருத்துவரைக் குழப்பும் என்ற மறுப்பு நியாயமானதே. பழைய ஆய்வக அறிக்கைகளைப் புதியவற்றோடு ஒப்பிடுவது உண்மையிலேயே கடினம். ஆயினும் பழைய ஒற்றைப் பெயர் அதைவிடப் பெரிய தீங்கு செய்தது. நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின் செனோசெபேசியா தொற்று உள்ளவர்கள் பிழைக்கும் வாய்ப்பு, இத்தொகுதியின் மற்றோர் இனமான மல்டிவோரன்ஸ் தொற்று உள்ளவர்களைவிடக் குறைவு. அந்த வேறுபாட்டைப் பழைய பெயர் மறைத்துவிட்டது.