இரவெல்லாம் விழித்திருந்த அடுப்பு

பணி முடிந்து வீடு திரும்பி அடுப்பங்கரைக்குள் நுழைபவரை வரவேற்கும் முதற்கேள்வி, 'இன்றிரவு என்ன சமைப்பது?' என்பதுதான். எல்லா நாட்டு இல்லங்களிலும் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு அமெரிக்க இல்லங்கள் கண்டுகொண்ட விடைகளுள் ஒன்று 'புல்டு போர்க்'. இழுத்துப் பிரித்த பன்றி இறைச்சி என்பது இதன் நேர்ப்பொருள். உதிர்கறி என்றே இக்கட்டுரையில் நாம் அதை அழைப்போம்.

செய்முறை மிக எளிது. பன்றியின் முன்னங்காலுக்கு மேலுள்ள தோள்பகுதியில் இரண்டு கிலோ வாங்கி, உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், பூண்டு, சிறிது பழுப்புச் சர்க்கரை தடவி, ஸ்லோ குக்கர் எனப்படும் மின்சாரப் பானையில் காலையிலேயே இட்டு மூடிவிடுகிறார்கள். குறைந்த வெப்பத்தில் எட்டு முதல் பத்து மணி நேரம் அது தானாக வேகிறது. மாலையில் மூடியைத் திறந்து இரண்டு முள்கரண்டிகளால் இழுத்தால், கறி நார்நாராகப் பிரிந்து வந்துவிடும். முதல் நாள் அதைப் பன்னுக்குள் வைத்து, முட்டைக்கோஸ் சாலட்டோடு உண்ணலாம். மறுநாள் மக்காச்சோள டார்ட்டியாவில் வைத்து, நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாற்றோடு டாக்கோவாக்கலாம். மூன்றாம் நாள் மிஞ்சிய சோற்றோடு வாணலியில் புரட்டலாம். நான்காம் நாள் அவரைப் பயற்றோடும் தக்காளியோடும் கொதிக்கவிட்டால் நல்லதொரு சூப். ஒருநாள் சமையல், நான்கு இரவுகளின் உணவு!

ஆனால் வரலாற்றில் ஆர்வமுடைய நமக்கு இந்த எளிமை ஒரு வினாவை எழுப்புகிறது. இந்தக் கறி இயல்பில் எளியதன்று. பத்து மணி நேரம் நெருப்பைக் கேட்கும் கறி அது. அந்தப் பத்து மணி நேரத்தையும் இன்று ஒரு பானை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்பு ஏற்றுக்கொண்டிருந்தவர் யார்?

முதலில் இந்தக் கறிக்கு ஏன் இத்தனை நேரம் என்பதைப் பார்த்துவிடுவோம். விலங்கின் தோள், நாள் முழுதும் உடலைத் தாங்கி உழைக்கும் பகுதி. அதனால் அங்கே தசைநார்களைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்னும் இணைப்புப் பொருள் மிகுதி. வேகவேகமாகச் சுட்டால் இப்பகுதி தோல்போல் கடினப்பட்டுப் போகும். மெல்லிய வெப்பத்தில் நீண்ட நேரம் வைத்திருந்தால், அந்தக் கொலாஜன் சிறிது சிறிதாகக் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. கறியின் உட்பகுதி ஏறத்தாழ 90 பாகை செல்சியசைத் தாண்டும் வேளையில் நார்கள் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன. செல்வர் வீட்டு மேசைக்கு இளம் மென்கறி போகும். கடினமான தோள் மலிவாகக் கிடைக்கும். மலிவான கறியை மேன்மையான உணவாக்க வேண்டுமெனில் அதற்குரிய விலையை நேரமாகக் கொடுத்தாக வேண்டும்.

இனி வரலாற்றுக்குள் செல்வோம், வாருங்கள்.

அமெரிக்கக் கண்டங்களில் வீட்டுப் பன்றி முன்பு இருந்ததில்லை. 1493-ல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் அதைக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுவந்தார். 1539-ல் எர்னாண்டோ டி சோட்டோ என்னும் ஸ்பானியத் தளபதி புளோரிடாவில் இறங்கியபோது ஒரு சிறு பன்றிக்கூட்டத்தையும் ஓட்டிச் சென்றார். 1542-ல் அவர் மறைந்தபின் அவருடைய உடைமைகளை ஏலம் விட்டவர்கள் எண்ணிய பன்றிகள் ஏறத்தாழ 700! காட்டில் விட்டால் தானே மேய்ந்து தானே பெருகும் இவ்விலங்கு, தென்மாநிலங்களின் முதன்மை இறைச்சியானதில் வியப்பில்லை.

விலங்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. சமைக்கும் முறையின் பெயரோ அந்த மண்ணுக்கே உரியது. கரீபியன் தீவுகளின் டைனோ மக்கள், கால்நட்டுக் கட்டிய மரச்சட்டத்தின்மேல் மீனையும் இறைச்சியையும் வைத்துக் கீழே மெல்லத் தீமூட்டி வாட்டினர். அந்தச் சட்டத்தின் பெயரை ஸ்பானியர் 'பார்பகோவா' என்று எழுதி வைத்தனர். அதுவே ஆங்கிலத்தில் 'பார்பிக்யூ' ஆயிற்று. இவற்றோடு மூன்றாவதாகச் சேர்ந்தது, ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களின் உழைப்பும் கைத்திறனும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வர்ஜீனியாவிலும் கரோலினாக்களிலும் பார்பிக்யூ என்பது ஓர் உணவின் பெயராக மட்டும் இல்லை. அது ஒரு திருவிழாவின் பெயர். தேர்தல், நீதிமன்றம் கூடும் நாள், விடுதலை நாள் எல்லாவற்றுக்கும் நிலத்தில் நீண்ட பள்ளம் தோண்டி, கட்டைகளை எரித்துத் தணலாக்கி, அதன்மேல் முழுப் பன்றிகளை வாட்டினர். ஜார்ஜ் வாஷிங்டன் 1769-ஆம் ஆண்டு நாட்குறிப்பில், தாம் அலெக்சாண்டிரியா நகரில் ஒரு பார்பிக்யூவுக்குச் சென்று இரவு முழுதும் அங்கேயே தங்கியதைக் குறித்திருக்கிறார். ஒற்றை வரிக் குறிப்புதான். விருந்துக்குப் போனவர் யாரென்று நமக்குத் தெரிகிறது. பள்ளத்தருகே நின்றவரைப் பற்றி அவ்வரியில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தச் சொல் கிடைக்க ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின. 1930-களின் பெரும் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த எழுத்தாளர்களுக்காக அமெரிக்க அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக, 1936 முதல் 1938 வரை, அடிமைகளாகப் பிறந்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிச்சென்று அவர்கள் சொன்னவற்றை எழுதிக்கொண்டனர். 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று தென் கரோலினாவின் வெஸ்லி ஜோன்ஸ் என்பவருடையது. அப்போது அவருக்கு அகவை 97.

விருந்துக்கு முந்திய இரவு முழுதும் தாம் உறங்காமல் கறியைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் சொல்கிறார். நீண்ட கவைக்குச்சியின் முனையில் மெல்லிய துணியைச் சுற்றி, அதைக் காடியில் தோய்த்துத் தோய்த்துக் கறியின்மேல் ஒற்றிக்கொண்டே இருந்தாராம். அந்தக் கலவையில் என்னென்ன இருந்தன என்பதையும் அவர் மறக்கவில்லை: காடி, கருமிளகு, சிவப்பு மிளகாய், உப்பு, வெண்ணெய், சிறிது சேஜ் இலை, கொத்தமல்லி, துளசி இனத்துப் பேசில், வெங்காயம், பூண்டு. கலவை வழிந்து தணலில் சொட்டச்சொட்ட, எழும் புகையே மணமேறிக் கறிக்குள் இறங்கிற்று என்றும் விளக்குகிறார். எழுபது ஆண்டுகளுக்கும் முந்தைய இரவுகளை நினைவுகூரும் ஒரு முதியவர், புகைக்கும் சுவைக்கும் உள்ள உறவைத் தேர்ந்த ஆசிரியரைப்போல் எடுத்துரைப்பதைப் படிக்கும்போது, நாம் சற்று நிமிர்ந்து உட்காரத்தான் வேண்டியிருக்கிறது. பகலில் பிறர் வயலில் உழைத்த மக்களுள் ஒருவர், இரவையும் பிறர் விருந்துக்காகக் கொடுத்தார். அந்த இரவில் அவர் கற்றுக்கொண்டது அவருடைய கலை.

1865-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின் அந்தக் கலையே பலருக்குப் பிழைப்புமாயிற்று. சாலையோரக் குழியடுப்புகள் கடைகளாயின. வட கரோலினாவின் கிழக்கே முழுப் பன்றியும் காடி-மிளகாய்க் கலவையும் மரபாக நின்றன. அய்டன் என்னும் சிற்றூரில் 1947-ல் தொடங்கப்பட்ட ஸ்கைலைட் இன் உணவகம் அம்மரபில் வந்தது. மேற்கே லெக்சிங்டன் நகரில், முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் நீதிமன்றத்தருகே கூடாரமிட்டவர்கள் தோள்பகுதியை மட்டும் வாட்டி, காடியோடு சிறிது தக்காளியும் சேர்த்தனர். நம் மின்சாரப் பானைக்குள் போகும் கறித்துண்டும் அந்தத் தோள்தான்.

இதுவரை சொன்னது கறியின் கதை. பானையின் கதை முற்றிலும் வேறோர் ஊரில், வேறொரு வகை இரவில் தொடங்குகிறது.

லித்துவேனியாவின் வில்னா நகரம், இன்றைய வில்னியஸ், ஒரு காலத்தில் யூதப் பண்பாட்டின் பெருந்தலம். யூத மரபில் வெள்ளிக்கிழமை அந்தி முதல் சனிக்கிழமை அந்தி வரை ஓய்வுநாள். அந்நாளில் தீமூட்டலாகாது, சமைக்கலாகாது. ஆயினும் சனிக்கிழமை நண்பகலில் சூடான உணவு வேண்டுமே! எனவே பயறு, வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி ஆகியவற்றைப் பானையிலிட்டு, வெள்ளி மாலையே ஊர் ரொட்டிக்கடைக்கு அனுப்பிவிடுவர். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பு மெல்ல மெல்ல ஆறும். அந்த ஆறும் சூட்டிலேயே இரவு முழுதும் பானை வேகும். அந்த உணவின் பெயர் சோலெண்ட். கரோலினாவில் ஒருவரை விழிக்கவைத்த அதே நீண்ட வெப்பம், இங்கே எல்லோரும் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே கைக்கொள்ளப்பட்டது!

வில்னாவில் சிறுமியாகப் பானை சுமந்து சென்ற ஒருவர் பின்னர் அமெரிக்காவில் தம் மகனிடம் இந்தக் கதையைச் சொன்னார். மகன் இர்விங் நக்கும்சோன் ஒரு பொறியாளர். பின்னாளில் நேக்சன் எனப் பெயரைச் சுருக்கிக்கொண்டவர். பானையைச் சுற்றி வெப்பக்கம்பியை வைத்து, ரொட்டிக்கடை அடுப்பைப்போல் எல்லாப் பக்கமிருந்தும் மெல்லிய சூடு தரும் கருவி ஒன்றை அவர் வடிவமைத்தார். 1936-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1940-ல் கிடைத்தது. பயறு வேகவைக்கும் பானையாக, 'நேக்சன் பீனரி' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

1970-ல் கன்சாஸ் நகரின் ரைவல் நிறுவனம் நேக்சனின் நிறுவனத்தை வாங்கியது. மறுஆண்டு சிகாகோவில் நடந்த இல்லப்பொருள் கண்காட்சியில் அதே பானை 'கிராக்பாட்' என்ற புதுப்பெயரோடு அறிமுகமாயிற்று. 1974-ல் உட்பானையைத் தனியே எடுத்துக் கழுவும் வசதியும் வந்தது. காலம் கனிந்திருந்தது. 1970-ல் அமெரிக்கப் பெண்களுள் 43 விழுக்காட்டினர் வேலைச்சந்தையில் இருந்தனர். 1980-ல் அது 51 விழுக்காட்டைத் தாண்டியது. காலையில் வீட்டைவிட்டுச் செல்லும் பெண்ணிடமே மாலையில் சூடான உணவையும் எதிர்பார்த்த சமூகத்துக்கு, இரண்டு மூன்று பழைய குண்டு பல்புகளின் மின்சாரத்தில் நாள் முழுதும் வேலை செய்யும் பானை ஒரு வரமாகத் தோன்றியதில் வியப்பென்ன? சமையலில் ஆண்களும் பங்கெடுக்கலாமே என்ற இன்னொரு தீர்வைவிட, பானை வாங்குவது பலருக்கு எளிதாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம்.

ஆக, பன்றியை விலக்கும் மரபின் ஓய்வுநாள் உணவிலிருந்து பிறந்த பானைக்குள், அடிமைகளின் விழிப்பில் வளர்ந்த பன்றிக்கறி வந்து சேர்ந்தது. வரலாறு இப்படியும் இணை சேர்க்கிறது!

இந்தச் சேர்க்கையில் இழப்பு உண்டு. பானையில் புகை இல்லை. தணலில் சொட்டும் கொழுப்பும், அதிலிருந்து எழும் மணமும், வெளிப்புறத்தில் பிடிக்கும் கருமொறுமொறுப்பும் இல்லை. குழியடுப்பில் வேலை செய்பவர்கள், மூடிய பானையில் நீராவியில் வெந்ததைப் பார்பிக்யூ என்று ஒப்புவதில்லை. அவர்கள் சொல்வது நியாயமே. ஆயினும் இரவு விழிக்க வலுவில்லாத வீட்டுக்கும் அந்தத் தோள்கறியின் மென்மை கிட்டியிருக்கிறதே, அதைச் சிறிய செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

நமக்கு உறுத்துவது வேறொன்று. பார்பிக்யூ பற்றிய நூல்களிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் நெடுங்காலம் கறுப்பினச் சமையற்காரர்களின் முகங்கள் அரிதாகவே இருந்தன. விருந்துக்குப் போனவரின் நாட்குறிப்பு இருநூறாண்டுக்கும் மேற்பட்ட பழக்கமாய்த் தொடர்ந்தது எனலாம். அண்மைக்காலத்தில்தான் இது சற்றே மாறுகிறது. தென் கரோலினாவின் ஹெமிங்வே என்னும் சிற்றூரில் குடும்பக்கடையில் முழுப் பன்றி வாட்டி வளர்ந்த ராட்னி ஸ்காட், 2018-ல் ஜேம்ஸ் பியர்ட் விருதைப் பெற்றார். இரவெல்லாம் தணல் அள்ளிப்போடும் வேலைக்கு, அமெரிக்கச் சமையலுலகம் தன் உயரிய விருதுகளுள் ஒன்றை அளித்தது.

நிறைவாக, சமைக்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு சிறு யோசனை. கறியை உதிர்த்தபின், கடையில் வாங்கிய இனிப்புச் சாற்றை ஊற்ற வேண்டாம். அரைக் குவளைக் காடியில் உப்பு, இடித்த மிளகாய், மிளகு, நசுக்கிய பூண்டு, சிறிது கொத்தமல்லி, ஒரு கரண்டி வெண்ணெய் சேர்த்துச் சூடாக்கி, அதைக் கறியோடு பிசறிப் பாருங்கள். மிஞ்சுவதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாட்களுக்கு வரும். அதற்கும் மேல் வேண்டுமெனில் உறைய வையுங்கள். உண்ண அமரும்போது, உடனிருப்பவர் யாரேனும் இந்தக் காடிக்கலவையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், தயங்காமல் பெயரைச் சொல்லுங்கள்: வெஸ்லி ஜோன்ஸ், தென் கரோலினா.