பாட்டியின் வெற்றிலைப் பெட்டி

பல்வலி வந்தவனுக்கு வேதாந்தம் உதவாது, கிராம்புதான் உதவும். இது என் பாட்டியின் கொள்கை. வலி எடுத்தால் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துச் சொத்தைப் பல்லில் அடக்கிக்கொள்வாள். மறுநாள் கேட்டால், "போய்விட்டதடா!" என்பாள். போனது வலிதான், நோய் அல்ல என்பதைப் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து அவளுக்குத் தெரிவித்தன.

சென்ற மாதம் மறைமலை நகரில் ஒரு பல் வைத்தியரின் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது அதே கிராம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. வைத்தியர் என் பல்லின் வேரைச் சுத்தம் செய்து, உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்துக்கொண்டிருந்தார். அடைக்கும் பசையில் துத்தநாக ஆக்ஸைடும், கிராம்பெண்ணெயின் சாரமான யூஜினாலும் இருந்தன.

இந்த இதமான வைத்தியம் எளிதில் வந்துவிடவில்லை. 1836-இல் நியூயார்க் பல் வைத்தியர் ஸ்பூனர், பல்லுக்குள் பாஷாணம் வைத்து நரம்பைக் கொல்லும் முறையைச் சொன்னார். நரம்பு செத்தது, வலியும் ஓய்ந்தது. ஆனால் பாஷாணத்துக்கு எல்லை தெரியுமா? கசிந்த இடத்தில் ஈறையும் எலும்பையும் அரித்தது.

1920-இல் ஜெர்மனியில் ஹெர்மன் என்பவர் கால்ஷியம் ஹைட்ராக்ஸைடைப் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நீற்றின சுண்ணாம்புதான்! அதன் காரம் வேருக்குள் ஒளிந்த கிருமிகளைக் கொல்கிறது. அதே ஆண்டில்தான் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார்.

ஆக, கிராம்பும் சுண்ணாம்பும் பாட்டியின் பெட்டியிலேயே இருந்தன! வேருக்குள் நுழையும் ஊசியும், அதைப் பிடிக்கக் கற்ற கையும்தான் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் வெற்றிலைச் சுண்ணாம்பைப் பல்லில் அப்பிக்கொள்ள வேண்டாம், ஈறு வெந்துபோகும்.

"இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும், மாத்திரை போதும். வலி ஏறினாலோ, வீங்கினாலோ உடனே வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார் வைத்தியர். மரப்பு விட்டதும் வலித்தது. மூன்றாம் நாள் நின்றது. உடனே மனம், "இனி எதற்குப் போவது?" என்றது. பாட்டியின் ரத்தமல்லவா?

தற்காலிக அடைப்பு தேயும், கசியும்; கிருமிகள் திரும்பிவரும். பாட்டி பற்களை இழந்தது வலியினால் அல்ல, வலி நின்றுபோனதனால்தான். இதை நினைத்துக்கொண்டேன். குறித்த நாளில், துளி வலியும் இல்லாமல், மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.