துண்டும் நேர்த்தியும்: மாத்தளைப் பெருந்தோட்டத் தமிழரின் நம்பிக்கை குறித்து

இலங்கையில் தம்புள்ளையிலிருந்து நாலந்த வழியாக மாத்தளைக்கு வரும் நெடுஞ்சாலை, 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் நடந்த வழி. தமிழ்நாட்டின் கரையோரத்திலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கியவர்கள் வறண்ட காடு முழுவதையும் கால்நடையாகக் கடந்தே மலையடிவாரத்தை அடைந்தார்கள். வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. காடு முடிந்து மலை தொடங்கும் இடம் மாத்தளை. மரத்தடியில் தொடங்கிய வழிபாடு அங்கே 1874இல் முத்துமாரியம்மன் கோயிலாக உருப்பெற்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இம்மக்களின் நம்பிக்கையை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் அதை ஆறுதலாகவே கண்டார்கள்: துயரம் மிகுந்தால் தெய்வத்தை நாடுவது மனித இயல்பு என்ற அளவில் விளக்கம் நின்றுவிடுகிறது. அது போதாது. இவர்களின் நம்பிக்கைக்கு ஒரு வடிவம் இருந்தது. அந்த வடிவம் கடன் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோட்டத்து வாழ்க்கை கடனில்தான் தொடங்கியது. பயணச் செலவும் முற்பணமும் ஆள் திரட்டிய கங்காணியின் கணக்கில் ஏறின. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவன் பட்ட கடனைப் புதிய தோட்டம் தீர்க்க வேண்டும். அந்தத் தொகையைக் குறித்துத் தோட்டத் துரை கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். 1921இல் சட்டம் அதை ஒழிக்கும்வரை ஒரு மனிதனின் நடமாட்டம் ஒரு காகிதத்தில் அடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் தன் கடன் எவ்வளவு என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தான். இதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது நேர்த்திக் கடன். பிள்ளைக்கு அம்மை போட்டபோது லயம் எனும் வரிசைக் குடியிருப்பின் காம்பிராவில் ஒரு தாய் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறாள். மொட்டையா, தீச்சட்டியா, காவடியா என்று அவளே தீர்மானிக்கிறாள். தவணையும் அவளே குறிக்கிறாள், வரும் மாசி மகத்துக்கு என்று. கூலி, வேலை நேரம், குடியிருப்பு எதிலும் அவளுக்குச் சொல் இல்லை. இந்த ஒரு கடனில் மட்டும் தொகையும் காலமும் அவள் வாய்ச்சொல். துண்டு, கழிந்துபோன நாட்களுக்கு ஆளைக் கட்டிப்போட்டது. நேர்த்தியோ அடுத்த மாசியில் பிள்ளையும் தானும் உயிரோடு இருப்போம் என்று முன்கூட்டியே உரிமை கொண்டாடியது. தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் விசுவாசத்தையும் எதிர்பார்ப்பையும் சேர்த்தே சுமப்பதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

தோட்டங்களில் மாசி மாதம் நடக்கும் காமன் கூத்து இந்த நம்பிக்கைக்கு இன்னும் நுட்பமான சான்று. மூன்றாம் பிறையளவில் கம்பம் நட்டு, பௌர்ணமியில் சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிக்கப்படுகிறான்; ரதி வேடம் கட்டிய ஆண் தெருத் தெருவாகப் புலம்புகிறான்; பின்னர் காமன் எழுப்பப்படுகிறான். மீண்டு வந்த மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலப்படுவான் என்பது கதையின் முடிவு. உடல் திரும்பவில்லை, இழப்பு மறைக்கப்படவும் இல்லை. அழுதவளுக்கு மட்டும் அவன் தெரிகிறான். தஞ்சைப் பகுதி லாவணிப் பாட்டில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு தரப்பாகப் பிரிந்து காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதிடும் மரபும் உண்டு. ஐயத்தைப் பந்தலுக்குள்ளேயே உட்காரவைத்துப் பேசவிட்ட நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் தவறு.

இரண்டு மறுப்புகளை எதிர்கொள்ள வேண்டும். முதலாவது வலுவானது: தோட்டத்துக் கோயில் கங்காணியின் அதிகாரத்தை உறுதிப்படுத்தியது, முதல் மரியாதை அவருக்கு, திருவிழா வேலைகளில் சாதிப் படிநிலை, துரையின் ஆதரவும் அமைதி கருதியே. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் கங்காணி முறை மறைந்தது, 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பழைய கம்பனிகளும் போயின; திருவிழாவும் நேர்த்தியும் நின்றன. மேலிருந்து திணிக்கப்பட்டது மட்டுமே என்றால் திணித்தவரோடு அதுவும் போயிருக்கும். இரண்டாவது மறுப்பு, தெய்வத்தை நம்பியவர் போராடமாட்டார் என்பது. 1931இல் கோ. நடேசய்யர் தொழிலாளர் சங்கம் கட்டினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் உரிமைப் பாடல்களைப் பாடினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார். சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்களும் தீச்சட்டி எடுத்தவர்களும் ஒரே லயத்து மக்கள்.

அவர்களைக் கடுமையாகச் சோதித்தது வறுமையைவிடச் சட்டமே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியோர் கதி பின்னர் பேசப்பட்டது. இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்களைத் தமிழ்நாட்டு அரசு தாயகம் திரும்பியோர் என்றது. அக்கம்பக்கத்தார் சிலோன்காரர் என்றார்கள். முன்னோர் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய மண்டபம் முகாமே பிற்காலத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் அகதி முகாமானது. எது தாயகம், எது வனவாசம் என்று அவர்களிடம் கேட்பவர் முதலில் எந்தத் தலைமுறையைக் கேட்கிறோம் என்று தெளிவுபடுத்த வேண்டும். திரும்புதல் ஒன்றையே நம்பிக்கையின் இலக்காக வைத்திருந்தால் அது இந்தியாவுக்குத் திரும்பிய படகிலேயே முடிந்திருக்கும். இலங்கையில் தங்கியவர்களின் மாத்தளைக் கோயிலும் தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலில் தீயால் சேதமுற்றது. இன்று அங்கே 108 அடி இராஜகோபுரம் நிற்கிறது. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதிக்கு வருகின்றன.

நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. தோட்டத் தொழிலாளர் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்றது. அதன் கோரிக்கைகளுள் ஒன்று காணியுரிமை. நடந்தவர்களின் உறவுகள் பலர் இன்றும் லயத்தில்தான் குடியிருக்கிறார்கள். அந்த லயம் நிற்கும் காணியின் உறுதி அவர்கள் கையில் இல்லை.