வட்டமில்லாத தங்கக் காசு

கடற்கொள்ளையர் படங்களில் 'டப்ளூன்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ஸ்பெயின் தன் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் அடித்த தங்கக் காசு அது. தினமும் கணினித் தரவுகளோடு வேலை செய்பவன் நான். ஒரு சின்னக் காசில் இவ்வளவு தகவல் இருப்பதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

இவற்றில் பெரியது எட்டு எஸ்குடோ. எடை ஏறத்தாழ 27 கிராம். நம் வீட்டுக் கணக்கில் மூன்று பவுணுக்கும் மேலே. 1700களின் தொடக்கத்தில் அது, நம் நகைகளைப் போலவே, 22 கரட் தங்கம்.

ஆனால் அது ஒழுங்கான வட்டமாக இருக்காது. தங்கத்தைத் துண்டாக வெட்டி, சரியான எடை வரும்வரை ஓரங்களைச் செதுக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். எடைதான் முக்கியம். அதனால் பல காசுகளில் ஆண்டு பாதிதான் பதிந்திருக்கும். ஆண்டு, நாணயச்சாலையின் குறி, தரம் பார்த்த அதிகாரியின் எழுத்து மூன்றும் தெளிவாக இருந்தால் விலை கூடும். 'எம்' எழுத்தின் மேல் சின்ன வட்டம் இருந்தால் மெக்சிகோ. 'எல்' என்றால் லிமா.

ஏராளமான காசுகளைப் பின்னாளில் உருக்கிவிட்டார்கள். மிஞ்சியவற்றில் பல கடல் பாதுகாத்தவை. 1715 ஜூலை 24 அன்று ஹவானாவிலிருந்து ஸ்பெயினுக்குக் கிளம்பிய கப்பல் கூட்டம், ஒரு வாரத்தில் புளோரிடாக் கரையோரம் புயலில் சிக்கியது. 11 கப்பல்கள் அழிந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். வெள்ளிக் காசுகளை உப்பு நீர் அரித்தது. தங்கம் அப்படியே கிடந்தது. 1960களில் கிப் வாக்னர் என்பவரின் குழு அதில் நிறைய எடுத்தது.

அப்படியானால் அது யாருடையது? 1804 இல் மூழ்கிய 'மெர்சிடிஸ்' என்ற ஸ்பானியப் போர்க்கப்பலிலிருந்து, 2007 இல் ஓர் அமெரிக்க நிறுவனம் ஏறத்தாழ 6 லட்சம் காசுகளை எடுத்தது. பெரும்பாலும் வெள்ளி, கொஞ்சம் தங்கம். கப்பல் எங்களுடையது என்றது ஸ்பெயின். உலோகம் எங்கள் மண்ணில் எடுத்தது என்றது பெரு. அமெரிக்க நீதிமன்றம் ஸ்பெயின் பக்கம் தீர்ப்பளித்தது. 2012 இல் காசுகள் அங்கே போய்ச் சேர்ந்தன.

பெருவின் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்றைய கொலம்பியாவின் சோக்கோ, அந்தியோக்கியா பகுதிகளில் ஆற்று மணலை அலசித் தங்கம் எடுத்தவர்களில் பலர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். காசில் அரசனின் பெயர் இருக்கிறது, அதிகாரியின் எழுத்து இருக்கிறது. அவர்களைப் பற்றி ஒரு குறியும் இல்லை.

நான் இன்னும் ஒரு காசும் வாங்கவில்லை. படங்களையும் எடைக் குறிப்புகளையும்தான் சேர்க்கிறேன். நீங்கள் வாங்க நினைத்தால், எந்தக் கப்பல், யார் எடுத்தது, சட்டப்படி எடுத்ததா என்பதற்கான பத்திரத்தை முதலில் கேளுங்கள். பத்திரம் இல்லையென்றால் காசை வைத்துவிட்டு வாருங்கள். அருங்காட்சியகத்தில் ஒன்றைக் கண்டால் குறியைப் பார்த்து ஊரைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த ஊருக்குத் தங்கம் எங்கிருந்து வந்தது, யார் தோண்டினார்கள் என்று தேடிப் படியுங்கள்.