பத்தாயிரம் என்று யார் சொன்னது?

பத்தாயிரம் அடி.

கையில் ஃபிட்னஸ் பேண்ட் கட்டியிருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த எண்ணைத்தான் சொல்வார்கள். பார்க்கில் பொடிநடையாகப் போகிறவருக்கும் அதுதான் இலக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் மிச்ச அடிகளை நடந்து தீர்க்கிறவருக்கும் அதுதான். மனச்சோர்வு என்று டாக்டரிடம் போய், 'தினமும் கொஞ்சம் நடங்களேன்' என்ற யோசனையோடு திரும்புகிறவரும் முதல் வேலையாக ஒரு பேண்ட் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். ஒரு வாரம் போனால் அவருடைய கவலைப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கும். 'இன்னிக்கு மூவாயிரம்தான் ஆச்சு.'

சரி, பத்தாயிரம் என்று சொன்னது யார்?

1964 அக்டோபரில் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. ஜப்பான் முழுக்க உடற்பயிற்சி மோகம். சூட்டோடு சூடாக 1965-ல் யமாசா என்ற கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. பெயர், 'மன்போ-கேய்'. மன் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கேய் என்றால் மீட்டர். பத்தாயிரம் அடி மீட்டர்! பத்தாயிரத்தைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தைப் பார்த்தால், கால் வீசி நடக்கிற ஆள் மாதிரியே இருக்கும். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நடைப்பயிற்சி கிளப்புகள் அந்த எண்ணைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டன. பல வருஷம் கழித்து அமெரிக்காவில் எலெக்ட்ரானிக் பேண்டுகள் வந்தபோது, உள்ளே போட்டு அனுப்ப ஒரு இலக்கு தேவைப்பட்டது. ரெடியாக ஒன்று இருந்தது.

அடியை எண்ணுகிற ஆசை அதற்கும் ரொம்பப் பழசு. 1788 மே மாதம், பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்ஸன், ஊரில் இருந்த நண்பர் ஜேம்ஸ் மேடிஸனுக்கு ஒரு பெடோமீட்டர் அனுப்பி வைத்தார். (இரண்டு பேருமே பின்னால் ஜனாதிபதி ஆனவர்கள்.) எப்படிக் கட்டிக்கொள்வது என்று கடிதத்தில் விளக்கம் வேறு. இடது பக்கக் கடிகாரப் பாக்கெட்டின் அடியில் சின்ன ஓட்டை போட வேண்டும். நாடாவை அதன் வழியே கீழே விட்டு, முழங்கால் பட்டியில் கொக்கியை மாட்ட வேண்டும். ஜெஃபர்ஸன் கணக்குப் பைத்தியம். ஒரு மைலுக்குத் தனக்கு எத்தனை அடி என்று அளந்து வைத்திருந்தார். வழக்கமான நடையில் 2,066½, குளிர்கால விறுவிறு நடையில் 1,735. அந்த அரை அடியைக்கூட விடவில்லை மனுஷர்!

ஆனால், நமக்கு வேண்டியது அதற்கு ஆறு வருஷம் முந்திய ஜெஃபர்ஸன். 1782 செப்டம்பரில் அவர் மனைவி மார்த்தா இறந்துபோனார். மூன்று வாரம் அறையை விட்டு அவர் வெளியே வரவில்லை. உள்ளேயே ராத்திரி பகலாக நடந்துகொண்டிருந்தார். களைத்து விழுந்தால்தான் படுக்கை. ஒருவழியாக வெளியே வந்தவர் குதிரையில் ஏறினார். மலைப் பாதைகளில், காட்டுக்குள், போக்கிடம் எதுவும் இல்லாமல் சுற்றினார். கூடவே போனது மூத்த மகள். பத்து வயசு. பல வருஷம் கழித்து இதையெல்லாம் எழுதி வைத்தவரும் அந்த மகள்தான்.

இந்தச் சிறுமியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பை அசைத்தால் மனசு லேசாகும் என்பது பாட்டிகளுக்கும் தெரியும். ஆனால் டாக்டர்கள் ஒரு கட்டத்தில் நேரெதிராகப் பயந்தார்கள். 1967-ல் பிட்ஸ், மெக்ளூர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பதற்ற நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் லாக்டேட்டை ஏற்றிப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பதற்றம் பீறிட்டுக் கிளம்பியது. கடுமையாக உடற்பயிற்சி செய்தால் உடம்பிலேயே ஊறுகிற சமாசாரம்தான் இந்த லாக்டேட். 'அப்படியானால் இவர்களுக்கு ஓட்டமே ஆபத்தாச்சே!' என்ற சந்தேகம் கிளம்பிவிட்டது. ஓடினால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும். பதற்றம் வந்தாலும் அதே மூன்றும்தான். நோயாளியும் பயந்தார், டாக்டரும் தயங்கினார்.

அந்தப் பயத்தை நேருக்கு நேர் சோதித்தவர்கள் ஜெர்மனிக்காரர்கள். 1998-ல் கோட்டிங்கனில், திடீர்ப் பதற்றத் தாக்குதல் வருகிற 46 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓட்டம், ஒரு பிரிவுக்கு குளோமிப்ரமின் மாத்திரை, மூன்றாவது பிரிவுக்கு வெறும் டம்மி மாத்திரை. பத்து வாரம். டம்மியைவிட ஓட்டம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மாத்திரை அதைவிட வேகமாக, அதைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதியைச் சொன்னால் அது விளம்பரம்.

மனச்சோர்வின் கதை கலிஃபோர்னியாவில் ஆரம்பிக்கிறது. 1970-களில் அமெரிக்காவே ஜாகிங் போய்க்கொண்டிருந்தது. சான் டியேகோவில் தாடியஸ் கொஸ்ட்ரூபாலா என்ற மனநல டாக்டர், தன் நோயாளிகளோடு சேர்ந்தே ஓட ஆரம்பித்தார். நோயாளி சோஃபாவில் படுத்துப் பேச, டாக்டர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். இவர் ஷூவை மாட்டிக்கொண்டார். 1976-ல் புத்தகமும் எழுதினார். அடுத்து விஸ்கான்ஸினில் ஜான் க்ரைஸ்ட் 1979-ல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார். மொத்தமே 28 பேர். சிலருக்குப் பேச்சு சிகிச்சை, சிலருக்கு ஓட்டம். பலன் கிட்டத்தட்ட சமம். இதில் ஓட்டக்காரர்களைத் தனியாக விடவில்லை. கூட ஓட ஒரு ஆள் இருந்தார்.

பெரிய சோதனை 1999-ல் வந்தது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால், ஐம்பது வயதைத் தாண்டிய 156 மனச்சோர்வுக்காரர்களைச் சேர்த்தார். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி. ஒரு குழுவுக்கு செர்ட்ராலின் மாத்திரை. ஒரு குழுவுக்கு இரண்டும். வாரம் மூன்று நாள், கூட்டமாக, முப்பது நிமிஷ நடை அல்லது மெது ஓட்டம். மேற்பார்வைக்குப் பயிற்சியாளர்கள். பதினாறு வாரம் கழித்துப் பார்த்தால், மூன்று குழுவிலும் 60 முதல் 70 சதவீதம் பேர் மனச்சோர்வு என்ற எல்லையைத் தாண்டி வெளியே வந்திருந்தார்கள். ஆரம்ப வாரங்களில் மாத்திரை முந்தியது, பிறகு நடை எட்டிப் பிடித்தது.

பரபரப்பு அடுத்த வருஷம்தான். குணமானவர்களைப் பத்தாவது மாதத்தில் மறுபடி சோதித்தார்கள். மாத்திரைக் குழுவில் 38 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. இரண்டும் சேர்ந்த குழுவில் 31. வெறும் உடற்பயிற்சிக் குழுவில் 8!

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஷூ வாங்கக் கிளம்ப வேண்டாம். அந்த 156 பேரும் உடற்பயிற்சிக்குத் தயார் என்று தாங்களாகவே வந்தவர்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பவருக்கு அந்த 8 சதவீதம் எதையும் சொல்லவில்லை.

2012-ல் பிரிட்டனில் ஒரு குளிர்ந்த தண்ணீர் தெளித்தார்கள். 361 மனச்சோர்வுக்காரர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஒரு ஊக்குவிப்பாளரும் உண்டு. எட்டு மாதத்தில் சில தடவை நேரில் பார்ப்பார், மற்றபடி போனில் பேசுவார். அவர்கள் முன்பைவிட அதிகம் அசைந்தார்கள், உண்மைதான். மனச்சோர்வில் மட்டும் மற்ற பாதிப் பேரோடு வித்தியாசம் இல்லை. 'உடற்பயிற்சியால் பயனில்லை' என்று பத்திரிகைகள் தலைப்பு போட்டன. ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை. எனக்குப் படுவது இதுதான். டியூக்கில் வாரம் மூன்று நாள் நாலு பேரோடு நடந்தார்கள். இங்கே 'நடங்க' என்று போனில் சொன்னார்கள். இரண்டும் ஒரே மருந்தல்ல.

இந்த இடத்தில்தான் பேண்ட் உள்ளே நுழைகிறது. 2009-ல் சான் ஃபிரான்ஸிஸ்கோவின் ஃபிட்பிட் தன் முதல் கருவியை விற்க ஆரம்பித்தது. 2015-ல் ஆப்பிள் வாட்ச். 2021 ஜனவரியில் ஃபிட்பிட்டையே 210 கோடி டாலருக்குக் கூகுள் வாங்கி முடித்தது. காலடிக்கு இவ்வளவு விலை!

பேண்ட் கட்டினால் நடை கூடுமா? கூடும். 2022-ல் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் 39 ஆய்வுத் தொகுப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நாளுக்குச் சுமார் 1,800 அடி அதிகம். சின்ன விஷயமில்லை. ஆனால் மனநலத்தில் அதே அளவுக்கு மாற்றம் தெரியவில்லை. மீட்டர் அடியைக் கூட்டுகிறது, கூட வர ஆளை அது கொண்டுவருவதில்லை. போனில் பேசிய ஊக்குவிப்பாளரின் வேலையை, இன்னும் சலிக்காமல் செய்கிறது. அவ்வளவுதான்.

அதே டியூக்கில் ஜோர்டன் எட்கின் 2016-ல் இன்னொன்றைக் கவனித்தார். அளக்க ஆரம்பித்தால் மக்கள் அதிகம் செய்கிறார்கள், ஆனால் அதில் இருந்த சந்தோஷம் குறைகிறது. விளையாட்டாகச் செய்தது வேலை மாதிரி ஆகிவிடுகிறது. பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வருஷக் கடைசியில் கணக்கு முடிக்கிறவன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

பத்தாயிரத்தின் குட்டும் ஒருவழியாக உடைந்தது. ஹார்வர்டின் ஐ-மின் லீ 2019-ல் 16,741 வயதான பெண்களின் நடையைக் கருவி கட்டி அளந்தார். சராசரி வயது 72. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரணம் 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் பெரிய லாபமில்லை. 2024 டிசம்பரில் மனச்சோர்வுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு வந்தது. 33 ஆய்வுகள், 96,000-க்கும் மேற்பட்டவர்கள். 5,000 அடியைத் தாண்டியவர்களிடமே மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. நடந்ததால் சோர்வு குறைந்ததா, சோர்வு இல்லாததால் நடந்தார்களா? அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இதைப் பிரித்துச் சொல்லக்கூடியவை அல்ல.

பதற்றக்காரர்களுக்கு வேறு சிக்கல். 2020-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். பெயர் இல்லை. அவ்வப்போது இதயத் துடிப்பு தாளம் தப்புகிற கோளாறு அவருக்கு. சமாளிக்கக்கூடியதுதான். இ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தார். வாட்ச் 'தெளிவாகத் தெரியவில்லை' என்று காட்டினாலும், இதயம் மோசமாகிறது என்றே நினைத்தார். உடனே இன்னொன்று எடுப்பார். ஒரே வருஷத்தில் அவர் எடுத்த இ.சி.ஜி. 916. தினம் சராசரியாக இரண்டரை. ஆஸ்பத்திரிக்கும் எமர்ஜென்ஸிக்கும் நடையாய் நடந்தார். கடைசியில் டாக்டர்கள் கண்டுபிடித்த நோய் இதயத்தில் இல்லை. நோய் பற்றிய பதற்றம்தான் நோய். பேச்சு சிகிச்சைக்கு அனுப்பினார்கள்.