கழுமரமும் டாப்பர் மாமாவும்: விதிக்குள் கற்பனைக்கு உள்ள இடம்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் ஆடுவோரின் கற்பனை பெருக வேண்டுமானால் விதிகளைத் தளர்த்த வேண்டும் என்று பலரும் சொல்வர். எனக்கு இதில் உடன்பாடில்லை. எதை அசையாமல் நிறுத்துவது, எதை ஆடுவோர் கையில் விடுவது என்பதே கேள்வி. அதற்கு விடை தேட வன்னிக் கிராமத்துக் கோவில் வீதி போதும்.

விளையாட்டின் வரலாற்றிலேயே இந்த இழுபறி உண்டு. 1824இல் பிரஷ்ய இராணுவம் ஏற்றுக்கொண்ட போர் விளையாட்டு, அட்டவணைகளாலும் தாயக்கட்டையாலும் கட்டப்பட்டது. 1876இல் பிரஷ்யப் படை அதிகாரி வெர்டி டு வெர்னுவா அவற்றை ஒதுக்கி, அனுபவமுள்ள மத்தியஸ்தரின் தீர்ப்பே போதும் என்றார். 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி, பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து, ஆளுக்கொரு பாத்திரமும் ஆளுக்கொரு நோக்கமும் கொடுத்து ஆடவைத்தார். ஆடியவர்கள் அவர் நினையாததையெல்லாம் செய்தார்கள். ஆட்டம் குழம்பிப் போயிற்று என்று அவர் நொந்துகொள்ள, மற்றவர்களோ இன்னொருமுறை வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ இந்த வழியில் வந்ததுதான்.

இனி, வன்னிக் கோவில் வீதியில் ஆடப்படும் காத்தவராயன் கூத்துக்கு வருவோம். சிந்துநடையில் அமைந்த இக்கூத்தில் காத்தான் கழுமரம் ஏறியே ஆக வேண்டும். தான் விரும்பும் ஆரியமாலாவுக்காக அவன் என்ன வேடம் போட்டாலும் முடிவு அதுதான். அவனுக்குரிய மெட்டையும் மாற்ற முடியாது. ஆதிகாத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் என ஒரே பாத்திரத்தைப் பலர் ஆடுகிறார்கள். ஆள் மாறினாலும் சபை குழம்புவதில்லை. மெட்டே காத்தானை அடையாளம் காட்டிவிடுகிறது. அந்த மெட்டுக்குள்தான் ஒருவர் இழுத்துப் பாடுவார், இன்னொருவர் வெட்டிப் பாடுவார். யார் நடுக்காத்தான் திறம் என்று ஊர் கிடந்து வாதிடுவதும் அதை வைத்தே.

நள்ளிரவு தாண்டி, பாயில் பிள்ளைகள் உறங்கிவிட்ட நேரத்தில் கூத்தின் பகிடிப் பாத்திரமான டாப்பர் மாமா வருவார். அவருக்கும் பாட்டு உண்டு. ஆனால் பாட்டுக்கு இடையில் வரும் பேச்சு அவருடையது. முன்வரிசையில் கொட்டாவி விடுபவரை ‘என்ன அண்ணை, வயலுக்குத் தண்ணி கட்டிப்போட்டே வந்தனீங்கள்?’ என்று பிடிப்பார். நெல்விலை வரும், பசளை வரும். சிரிப்பு அளவு மீறினால், கூத்தை நடத்தும் அண்ணாவியார் அடுத்த பாட்டை எடுத்துக் கொடுப்பார், பிற்பாட்டுக்காரர் பற்றிக்கொள்வார், மாமா ஆட்டத்துக்குத் திரும்பியாக வேண்டும். அண்ணாவியார் விளக்கம் சொல்வதில்லை. நல்ல மத்தியஸ்தருக்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியாது.

டாப்பர் மாமாவின் சுதந்திரம் காத்தானின் கட்டுப்பாட்டில் தங்கியிருக்கிறது. எல்லோரும் டாப்பர் மாமாவானால் விடியும்வரை பகிடிதான் மிஞ்சும், கூத்து இராது.

கூத்தில் முடிவு முன்பே தெரியும், விளையாட்டில் தெரியாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விளையாட்டில் அசையாமல் நிற்க வேண்டியது முடிவன்று, விளைவு. கட்டை விழுந்தால் விழுந்ததுதான். இரக்கப்பட்டு மத்தியஸ்தர் எண்ணை மாற்றினால், ஆடுவோர் யோசிப்பதை விட்டுவிடுவர். எப்படியும் தப்பவைப்பார் என்றால் புதுவழி எதற்கு?

வன்னியைக் களமாக்கி ஒரு விளையாட்டு அமைப்போருக்கு, ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் கதையே கையில் இருக்கிறது. 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டை அவன் வசமானது. ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுப் பகுதியில் ஆங்கிலேயப் படை அதிகாரி வொன் டிறிபேர்க்கிடம் தோற்றான். இவ்விரண்டையும் கழுமரம்போல் நட்டுவிடுங்கள். இடையில் 67 நாட்கள் உள்ளன: எந்தக் காட்டுவழியால் போவது, எந்த ஊரிடம் நெல் கேட்பது, யாரை நம்புவது. அதை ஆடுவோரிடம் விடுங்கள்.