மணவூர் தந்த படைத்தலைவர்



ஆவடியில் அரக்கோணம் மின்சார ரயில் ஏறினால், திருவள்ளூர் தாண்டியதும் சில நிறுத்தங்களில் மணவூர் வரும். அடுத்தது திருவாலங்காடு. சோழர் காலத்தில் அந்தப் பகுதிக்கு மணவிற்கோட்டம் என்று பெயர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று. அங்கிருந்து புறப்பட்டுச் சோழப் பேரரசின் படைத்தலைவரானவர் மணவிற்கூத்தன் என்னும் நரலோகவீரன். நசரத்பேட்டையில் குடியிருக்கும் நமக்கு ஒரே மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம்!

முதலாம் குலோத்துங்க சோழனிடமும், 1118-இல் பட்டத்துக்கு வந்த அவர் மகன் விக்கிரம சோழனிடமும் இவர் பணியாற்றினார். தெற்கே பாண்டிய நாட்டுப் போர்களில் வென்றார். காலிங்கராயன் என்ற பட்டமும் பெற்றார். ஆனால் குலோத்துங்கனின் தளபதி என்றாலே கருணாகரத் தொண்டைமானைத்தான் நாம் சொல்வோம். அவருக்குக் கலிங்கத்துப் பரணி இருக்கிறது. நம் மணவிற்கூத்தனுக்கு இருப்பது சிதம்பரத்திலும் திருவதிகையிலும் கோயில் சுவரில் வெட்டிய வெண்பாக்கள்.

வங்கியில் பேரேடு எழுதிய பழக்கமோ என்னவோ, அந்தக் கல்வெட்டுகளின் செய்தியைப் படித்தபோது எனக்கு வரவு செலவுக் கணக்கு பார்ப்பது போலவே இருந்தது. போர் வெற்றிகளைப் பொதுவாகப் புகழ்ந்துவிட்டு, செய்த திருப்பணிகளை ஒவ்வொன்றாகச் சொல்கின்றன. தில்லையில் நூற்றுக்கால் மண்டபம் எடுத்தார். மாசி மாதத்தில் சுவாமி கடலாடச் செல்லக் கடற்கரையில் மண்டபம் கட்டி, அதற்குப் பாதையும் போட்டார். மூவர் தேவாரத்தைச் செப்பேடுகளில் எழுதச் செய்தார்.

இந்தக் கடைசி வேலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் எல்லாம் பனையோலை. கரையான் அரிக்கும், சில தலைமுறைக்கு ஒருமுறை புது ஓலையில் படியெடுத்தாக வேண்டும். யாராவது ஒரு தலைமுறை அலட்சியமாக இருந்தால் பாட்டு போயே போய்விடும். போர்க்களத்தில் வாழ்ந்த ஒருவர் அந்த ஆபத்தை உணர்ந்து செம்பைத் தேடியிருக்கிறார். அவர் வென்ற நாடுகள் பிறகு கைமாறிவிட்டன. சோழப் பேரரசே 1279-ஓடு முடிந்தது. தேவாரத்தை இன்றும் நம் கோயில்களில் ஓதுகிறார்கள்.

அடுத்த முறை சிதம்பரம் போகும்போது நூற்றுக்கால் மண்டபத்தின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். கட்டியவர் நம்ம ரயில் தடத்துக்காரர் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.